எண் வந்தால் திறக்கும் அலமாரி

மேட்டுப்புதூரில் யாருக்கு என்ன நோய் என்று சொல்லும் உரிமை துளிமானிக்கு மட்டும்தான் உண்டு. டாக்டருக்குக் கிடையாது. சுகாதார நிலையத்தின் முன்னறையில், ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் நின்ற எடை எந்திரம் போல ஆளுயரத்துக்கு அது நிற்கும். விரலை உள்ளே விட்டால் சுருக்கென்று ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். கையை உதறி முடிப்பதற்குள் முகப்பில் எண்கள் ஓடும். எண் எல்லையைத் தொட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தொடவில்லையென்றால் தேன் தடவிய ஒரு பெண் குரல், "தாங்கள் நலமாக உள்ளீர்கள். வணக்கம்" என்று சொல்லி அனுப்பிவிடும்.

அமலிக்கு அது மூன்றாவது முறையாக அப்படிச் சொன்னபோது, நிற்க முடியாமல் அவள் அந்த எந்திரத்தின் மீதே சாய்ந்துகொண்டிருந்தாள்.

"கேட்டியாக்கா, நான் நல்லாருக்கேனாம்," என்றாள் அமலி. "வா, வீட்டுக்கு ஓட்டப்பந்தயம் வச்சுக்கிடுவோம்."

அக்காக்காரி ஜெனோவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே கிடந்த செங்கல் ஒன்றைத் தூக்கி அந்தக் குரல் வரும் ஓட்டையிலேயே போட்டால் என்ன என்று தோன்றியது. தங்கச்சியின் தோளைப் பிடித்தாள். தோள் என்று பிடித்தது வெறும் எலும்பு.

தூத்துக்குடிக் கரையோரத் தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே இருந்தவர்களை அரசாங்கம் கரிசல் காட்டுக்குள் கொண்டுவந்து குடிவைத்த ஊர்தான் மேட்டுப்புதூர். வயல்களில் உப்பேறி நெல் போனதும் ரேஷனில் அரிசி நின்றது. பதிலுக்கு நிறைரொட்டி வந்தது. கோதுமை மாவோடு, கோதுமையிலிருந்தே பிரித்த புரதத்தையும் சேர்த்து அழுத்திச் சுட்ட கட்டி. ஊர்ச்சனங்கள் அதற்குக் கல்ரொட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். ஒன்று தின்றால் அரை நாளைக்குப் பசிக்காது. ஒரு குடிமகனும் பட்டினியால் சாகவில்லை என்று மந்திரிமார் மேடைக்கு மேடை சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை. அமலி பட்டினி கிடக்கவில்லை. தின்றுகொண்டேதான் வற்றினாள்.

கோவில்பட்டிக்குப் போய்வரும் பேருந்தில் அவள் கண்டக்டர். அந்தத் தடத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆம்பளை கிடையாது. "படியில தொங்குத ராசா, உள்ள வா, உன்ன யாரும் கடிச்சிர மாட்டோம்" என்று அவள் போடும் சத்தம் பேருந்துக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். அப்படிப்பட்டவளுக்கு ரொட்டி வந்த மறு வருஷத்திலிருந்து வயிறு நிற்கவில்லை. தின்றால் ஊதியது, ஊதினால் போனது. வாயெல்லாம் புண். தலைவாரினால் சீப்பு நிறைய முடி. ரொட்டியை நிறுத்திக் கஞ்சி கொடுத்தால் வயிறு அடங்குகிறது என்பதை ஜெனோவாதான் முதலில் கண்டாள். கண்டு என்ன செய்ய? அரிசி வேண்டுமென்றால் அரிசி அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் ரொட்டி சேராத உடம்பு என்று துளிமானி சொல்ல வேண்டும். அதுவரைக்கும் லாரிக்காரர்களிடம் தங்கள் பங்கு ரொட்டியில் பாதியைக் கொடுத்துக் கைப்பிடி அரிசி வாங்கினாள். அந்தக் கைப்பிடியைக் கஞ்சியாக்கி அமலிக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச ரொட்டியைத் தான் தின்றாள். வயிறு அடங்கியதே தவிர, தண்ணீராகக் கரைத்த அந்தக் கஞ்சியில் உடம்பு தேறவில்லை.

அன்றைக்கும் கையில் ஒரு தூக்குச்சட்டி வைத்திருந்தாள். உள்ளறையிலிருந்து டாக்டர் பரணிதரன் தேநீர் குடிக்க வெளியே வந்தவர், சட்டியைப் பார்த்து நின்றார். நாற்பதைத் தாண்டிய மனிதர். துளிமானி வந்த பிறகு அவருக்கு அந்த நிலையத்தில் பேச்சு குறைந்துபோயிருந்தது.

"கையில என்னம்மா?"

"கஞ்சி சார்."

"யாருக்கு?"

"இவளுக்குத்தான். வயிறு நிக்காதவளுக்குக் கல்ரொட்டியா குடுக்கச் சொல்லுதிய? ஆஸ்பத்திரிக்கு முறை கேட்டு எழுதிக் குடுத்த அன்னையிலருந்தே பத்தியந்தான். கஞ்சி, உப்பு, கருக்குன சுண்டவத்தல். வேற ஒரு பொடி உள்ள போகல."

முறை கேட்டால் கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். டாக்டர் அதை மனசுக்குள் எண்ணிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

"போன தடவையும் இப்படித்தானா?"

"மூணு தடவையும் இப்படித்தான். டாக்டர்ட்ட காட்டப் போறப்ப வயித்தக் கெடுத்துக்கிட்டா போவாக?"

டாக்டர் தேநீர்க் குவளையை ஜன்னலில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். 

"உங்க தங்கச்சிக்கு இருக்கிறது சீலியாக்னு ஒரு நோயா இருக்கணும்மா," என்றார். "கோதுமையில ஒரு பசை இருக்கு. அது உள்ள போனா இவங்க உடம்பு அத எதிரின்னு நினைச்சு சண்டைக்கு ஆள் அனுப்புது. அந்தச் சண்டையில அடி வாங்குறது சொந்தக் குடல். துளிமானி எண்ணுறது அந்தச் சண்டைக்காரங்களத்தான். நீங்க மாசக்கணக்கா எதிரியே வராம பாத்துக்கிட்டீங்க. சண்டைக்காரங்க கலைஞ்சுபோயிட்டாங்க. எண் இறங்கிடுச்சு. அது இறங்குன எண்ணப் பாத்துட்டு நோயே இல்லைங்குது."

ஜெனோவாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"எதை?"

"என்னத்தத் தின்னுட்டு வந்தேன்னு."

"அதுல அந்தக் கேள்வி வைக்கல," என்று டாக்டர் எந்திரத்தைக் காட்டினார். "எல்லாரும் ரொட்டி திங்கிறாங்கன்னு வச்சுத்தான் அதைச் செஞ்சிருக்காங்க. வேற எதுவும் கிடைக்காதில்ல."

"அதுல வைக்கல, சரி. ஒங்க வாயிலயும் வைக்கலையோ?"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் எழுந்து உள்ளறைக்கு இருவரையும் கூட்டிப்போனார். அங்கே சுவரோடு ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் எண்டோஸ்கோப், கறுப்பாக, வால் சுருண்டு தொங்கியது.

"இதை வாய் வழியா விட்டுக் குடலோட ஆரம்பத்தப் பாப்போம்," என்றார். "நல்ல குடல் புது டர்க்கித் துண்டு மாதிரி இருக்கும். நூல் நூலா நிக்கும். அதுலதான் சாப்பாட்டுச் சத்து ஒட்டும். இந்த நோய் அந்த நூலையெல்லாம் தேய்ச்சு வெறும் துணியாக்கிடும். கொஞ்ச மாசம் கஞ்சி குடிச்சதுல அது முளைச்சிருக்காது. இன்னைக்குப் பாத்தாலும் தெரியும். ரெண்டு துளி சதை கிள்ளி எடுத்தா சந்தேகமே வேண்டாம். குழாய் எடுக்குற படத்தப் பாத்தாலே துளிமானி அட்டை குடுத்துடும்."

"அப்ப எடுங்க. நான் இவளப் பிடிச்சுக்கிடுதேன்."

"எண் பத்தைத் தொட்டாத்தாம்மா அலமாரி திறக்கும். முன்ன காலத்துல தேவையில்லாதவங்களுக்கெல்லாம் குழாய் விட்டுச் சம்பாதிச்சாங்க. அதைத் தடுக்க வந்த சட்டம். கதவு என் கையில இல்ல."

"பின்ன என்ன வழி?"

அவர் அமலியைப் பார்த்துச் சொன்னார். "ஆறு வாரம் ரொட்டி சாப்பிட்டுட்டு வரணும். தினமும்."

ஜெனோவா வெடித்தாள். "நோயிருக்குன்னு காட்ட நோயத் திங்கணுமா? எந்த ஊரு நியாயம் இது? தண்ணிக்குள்ள விழுந்தவன, இன்னும் கொஞ்சம் முங்கு, அப்பத்தான் கயிறு போடுவேங்கிய!"

"விடுக்கா," என்றாள் அமலி. "சாரு மூஞ்சி செத்துப்போச்சு. அவர வையாத. ஆறு வாரந்தான? பேறுகாலம் மாதிரி நெனச்சுக்கிடுதேன். முடிஞ்சா அரிசி பொறக்கும்."

முதல் வாரம் அமலி வேடிக்கையாகவே ஓட்டினாள். ரொட்டியை நனைத்து ஜெனோவா தட்டில் வைத்தால், "ஏக்கா, வெசத்த ஆறவிடாத, சூடாத் தா" என்பாள். தின்றுவிட்டுக் கைகழுவப் போனவள் அப்படியே கக்கூஸுக்குப் போவாள். திரும்பி வந்து சுவரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, அரிசி அட்டை வந்த அன்றைக்கு என்ன சமைப்பது என்று பேசுவாள். சாளை மீன் குழம்பு. மாங்காய் போட்டு. சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்து ஊற்ற வேண்டும். "நீ திங்கக் கூடாது, ஒனக்குத்தான் கல்ரொட்டி இருக்குல்லா" என்று அக்காளை வம்புக்கு இழுப்பாள்.

இரண்டாம் வாரம் பேச்சு குறைந்தது. கால் வீங்கியது. ரொட்டியைப் பிட்டு வைக்கிற ஜெனோவாவின் கை ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டது.

"வேண்டாம்ட்டி. அட்டையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எப்பவும் போலக் கஞ்சி காச்சுதேன்."

"எத்தன நாளு காச்சுவ? லாரிக்காரன் ஒரு மாசம் வரலைன்னா? நான் என்ன சாவுத வரைக்கும் ஒரு கைப்பிடிக்கு ஒன் முந்தானையப் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?" அமலி ரொட்டியைத் தானே பிட்டு வாயில் போட்டாள். "இப்ப நிறுத்துனா மொதல்லருந்து வரணும்க்கா. இத இன்னொரு தரம் என்னால முடியாது."

அவள் விடுப்பும் எடுக்கவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் ரொட்டிப் பங்கு குறையும், ரொட்டி குறைந்தால் எண் ஏறாது. அந்தக் கணக்கை யோசித்தவன் எவனோ அவன் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாம் வாரம் முடிந்ததும் ஜெனோவா முறை பார்க்கவில்லை, வரிசை பார்க்கவில்லை. அமலியை ஏறக்குறைய தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போய், நேராக அவள் விரலைத் துளிமானிக்குள் திணித்தாள். எண்கள் ஓடின. ஒன்பதில் நின்றன.

"தாங்கள் நலமாக உள்ளீர்கள்."

டாக்டர் ஓடிவந்தார். மறு கையின் விரலை வைத்துப் பார்த்தார். ஒன்பது.

"ஏறுதும்மா. போன தடவை ஒண்ணு, ரெண்டுன்னு கிடந்தது. அடுத்த வாரம் கண்டிப்பா பத்தத் தாண்டிடும்."

"நீங்க படிச்ச படிப்பு பத்துலதான் தொடங்குமோ? ஒன்பதுல ஒங்களுக்குக் கண்ணு தெரியாதோ?"

"எனக்குத் தெரியுதும்மா. போன தடவையே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப கண்ணாடிய ஒடைங்க."

அவர் அலமாரியைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். அந்தப் பார்வையை ஜெனோவா பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள், அதனால்தான் அவர்மேல் அவளுக்கு ஆத்திரம் அதிகம். ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

"உடைச்சா என் உரிமம் போகும். அதுக்கப்புறம் இந்த ஊருக்கு டாக்டரே வரமாட்டாங்க," என்றார். உப்புக் கரைசல் பொட்டலங்களைக் கை நிறையக் கொடுத்தார். "ரெண்டு மணிக்கொரு தடவை குடிக்க வைங்க. ஒரே ஒரு வாரம்."

அந்த வாரத்தின் நடுவில், காலை வண்டி கயத்தாறு நிறுத்தத்தில் நின்றது. ஆள் இறங்கியது, ஆள் ஏறியது. ஓட்டுநர் விசிலுக்காகக் காத்திருந்தார். அமலி விசில் கொடுக்காமல் அந்த வண்டி நகர்ந்ததே கிடையாது, அவர் கியரில் கைவைத்தால்கூட ஏசுவாள். "என்ன அமலி, யார்ட்ட சண்டைய ஆரம்பிச்சிட்ட?" என்று திரும்பாமலே கேட்டார். பின்னாலிருந்து யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அப்புறம்தான் திரும்பினார். பின்படிக்குப் பக்கத்து இருக்கையில், கம்பியில் தலை சாய்த்து, விசிலை வாயில் வைத்தபடியே அவள் உட்கார்ந்திருந்தாள்.

பேதியால் உடம்பில் பொட்டாசியம் உப்பு வற்றி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பணியில் இறந்ததால் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் பரணிதரனே கூட இருந்து, சிறுகுடலில் ஒரு துண்டு எடுத்துக் கோவில்பட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அடக்கம் முடிந்து ஜெனோவா திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் அவள் சூரிய மின்தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே டாக்டர் வந்தார். வெயிலில் நின்றார். உட்காரச் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"சீலியாக்தாம்மா. கொஞ்சமும் சந்தேகமில்ல. நூல் ஒண்ணுகூட மிச்சமில்ல."

ஜெனோவா தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"அவளத் திறந்து பாத்தியள்ளா, அதுக்கு எத்தன எண்ணு வேணும்னுச்சு?"

"செத்தவங்களுக்கு எண் தேவையில்லம்மா."

"நல்ல சட்டம்," என்றாள். "செத்தாத்தான் நம்பும்."

அவர் அதை வாங்கிக்கொண்டார். போகவில்லை. "இன்னொண்ணு. இந்த நோய் ரத்த உறவுல வரும். கூடப்பொறந்தவங்களப் பரிசோதிக்கச் சொல்லி உங்க பேரத் துளிமானியே கூப்பிட்டிருக்கு. காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வரலாம்."

"எனக்கு என்ன கேடு? நான் கல்லத் தின்னு கல்லாத்தான் இருக்கேன்."

"வாங்கம்மா. எனக்காக வேண்டாம்."

யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாளித் தண்ணீரை அவர்மேல் ஊற்றியிருப்பாள்.

மறுநாள் போனாள். முன்னறைப் பெஞ்சில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தகடு கழுவும் இடத்தில் கூட வேலை பார்த்த மூக்காண்டி, கன்னம் ஒட்டி, சட்டைக்குள் காணாமல் போனவன் மாதிரி ஓரத்தில் இருந்தான். அவன் காலடியில் ஒரு கஞ்சிச் சட்டி. அவனுக்கு அடுத்திருந்த பொம்பளையின் மடியிலும் ஒன்று. ஜெனோவா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லோரும் பத்தியம் இருந்து வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். வயிற்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, நலமாக இருக்கிறீர்கள் என்று கேட்டுப் போக வந்தவர்கள்.

விரலை வைத்தாள். எண்கள் பத்தில் நிற்கவில்லை. இருபதில் நிற்கவில்லை. நாற்பத்திரண்டுக்குப் போய்த்தான் நின்றன. உள்ளறையில் அலமாரி டக்கென்று தானே திறந்துகொண்ட சத்தம் முன்னறைவரை கேட்டது. இத்தனை வருஷமாகத் தங்கச்சிக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு அவள் விடாமல் ரொட்டி தின்றிருக்கிறாள் அல்லவா, சண்டைக்காரர்கள் அவள் உடம்பில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அவள் வயிறுதான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

"இப்படியும் சில பேருக்கு இருக்கும்மா," என்றார் டாக்டர். "வெளியே ஒண்ணும் காட்டாது."

தொண்டையில் கசப்பாக ஒரு மருந்து அடித்தார்கள். நாக்கு மரத்துப்போனது. இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். குழாய் இறங்கியது. குமட்டியது. நர்ஸ் முதுகைத் தடவினாள். எதிரே திரையில் ஈரமான சிவந்த குகை ஒன்று விரிந்து, வளைந்து, உள்ளே உள்ளே போனது. அங்கங்கே விளிம்பு கரையான் அரித்தது போல இருந்தது. மற்றபடி வழவழவென்று மொட்டை. தன் குடல்தான் என்றாலும் அவள் அங்கே வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மூன்று நான்கு இடத்தில் சதை கிள்ளி எடுத்தார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட்ட நிம்மதி.

"நல்லவேளம்மா," என்றார். "உடம்பு விழறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம்."

வாயில் வளையம் இருந்தது. தொண்டையில் குழாய் இருந்தது. ஜெனோவாவால் முடிந்தது ஒன்றுதான், அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தகடு கழுவும் கை. அவர் முகம் சுளித்தார். அவளைப் பார்த்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குழாயை வெளியே எடுத்தார்.

அவள் எழுந்து உட்கார்ந்து எச்சிலைத் துப்பினாள். துளிமானியின் குரல் முன்னறையிலிருந்து கேட்டது: "வாழ்த்துகள். தங்களுக்கு அரிசி அட்டை வழங்கப்படுகிறது. கருவியை அலமாரியில் வைத்துக் கதவை மூடவும்." கூடவே டொய்ங் டொய்ங் என்று ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது. கருவி உள்ளே போய்க் கதவு மூடினால்தான் அது ஓயும். மூடினால், அடுத்த பத்து வரும்வரை திறக்காது.

நர்ஸ் குழாயை வாங்கக் கை நீட்டினாள். அதற்குள் ஜெனோவா கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். கால் தள்ளாடியது. நேராக அலமாரிக்குப் போய், திறந்த கதவை முதுகால் அழுத்திக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா செய்றீங்க?"

மரத்த நாக்கோடு அவள் சொன்னது குழறியது. மறுபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மூக்காண்டிய... வரச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் பொம்பளைய. வெளிய கஞ்சிச் சட்டியோட இருக்குத எல்லாரையும்."

"அவங்களுக்கு எண் வரலையேம்மா. சட்டப்படி நான்—"

"கதவு ஒங்க கையில இல்லைன்னு சொன்னிய. சரி. இப்ப என் முதுகுல இருக்கு."

மணி விடாமல் அடித்தது. முன்னறையில் பேச்சு நின்றுபோய், வாசலில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கையிலிருந்த குழாயைப் பார்த்தார், அப்புறம் மூக்காண்டியின் முகத்தை. குழாயை நர்ஸின் கையில் கொடுத்தார்.

"முதல்ல குழாயைச் சுத்தம் பண்ணணும்மா. மருந்துத் தண்ணியில ஊறவைக்கவே அரை மணி நேரம் ஆகும்."

"ஊறட்டும்," என்றாள் ஜெனோவா. "நான் எங்கயும் போகல."